அஞ்சலைக்கு இரண்டு சீட் பின்னால்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கொரட்டூரில் ஆவடி மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். என்னோடு எழுத ஆரம்பித்தவர்களில் ஒருவர் போன மாதம் பனிப்பாறை பார்க்கப் போயிருந்தார். இன்னொருவர் ஏதோ எரிமலை விளிம்பில் நின்று எடுத்த படத்தை அனுப்பி, 'வார்த்தை இல்லை' என்று எழுதி, அதன் கீழே இரண்டு பக்கம் வார்த்தைகளையும் எழுதியிருந்தார். அந்த உயரத்துக்கு என் முழங்காலும் ஏறாது, வங்கிக் கணக்கும் ஏறாது. நான் திருமழிசைக்குப் போனேன்.

ஆவடியில் இறங்கிப் பூந்தமல்லி பஸ். பருத்திப்பட்டு, காடுவெட்டி வழியாகச் சுமார் பத்து கிலோமீட்டர். தை மாதத்துப் பனி இன்னும் விலகாததால் கூவத்தைக் கடக்கும் இடம்கூட அழகாக இருந்தது. பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"எஸ்டேட்டா, கோயிலா சார்?" என்றார் ஓட்டுநர். திருமழிசைக்குப் போக மனிதர்களுக்கு இந்த இரண்டு காரணங்கள்தான் என்பது அவர் அனுபவம்.

"கிளாஸ்" என்றேன்.

கண்ணாடியில் என் தலையைப் பார்த்தார். "இந்த வயசுலயா? பரவால்ல சார். சும்மா கீறதுக்கு எதுனா படிக்கலாம்."

அந்த கிளாஸை நடத்துவது தேன்மொழி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்த ஒருவரின் மகள். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். தொழிற்பேட்டைக்கும் பழைய தெருக்களுக்கும் நடுவே, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறைகள். சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து இருபது பேர் போல வருகிறார்கள். மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ பள்ளிக்கூடத்தை விட்டு, செங்கல் சூளைக்கும் வயலுக்கும் போனவர்கள். இப்போது பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர்களுக்கென்று ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். முன்னுரையே நாற்பது பக்கம் ஓடும் ரகம். தேன்மொழி மரியாதையாக வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்து, அதன் வெளிப்புறத்தில் எண்ணெய்க் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்த 'நனையாமல் பாதுகாக்கவும்' என்பதை வகுப்பையே வாசிக்க வைத்தார். என் நன்கொடையில் அவர்களுக்கு உடனே பயன்பட்ட வாக்கியம் அதுதான். போன வாரம் அவரே ஃபோன் செய்தார். "சார், ஒரு நாள் வர முடியுமா? புத்தகம் வேண்டாம், நீங்க மட்டும் போதும்."

எட்டரை மணிக்கு உள்ளே நுழைந்தேன். சுவரில் அம்மா, ஆடு, இலை எதுவும் இல்லை. அ என்றால் அவசர வழி. ஆ என்றால் ஆபத்து. க-வுக்குக் கழிப்பறை, கூடவே பெண்கள், ஆண்கள் என்று இரண்டு அட்டைகள். பின்பக்கச் சுவரில் மாத்திரை அட்டைகளை ஒட்டிக் காலாவதித் தேதிகளை வட்டமிட்டிருந்தார்கள். ஃபோனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் எப்படி மறுப்பது என்பதற்கு ஒரு நாடகமே உண்டாம். மறுத்துப் பேசுவதுதான் எழுத்தைவிடக் கஷ்டமான பாடம் என்றார் தேன்மொழி.

கடைசிப் பாடத்தின் பெயர் தனிப் பயணம். படிப்பவர் தனக்கு நிஜமாகவே போக வேண்டியிருக்கிற ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். பஸ் போர்டைத் தானே படித்து ஏறி, போய், திரும்பி வர வேண்டும். ஒருவர் பின்னாலேயே போவார். ஆபத்து என்றால் ஒழிய அவர் வாயைத் திறக்கக் கூடாது. வழக்கமாகப் பின்னால் போகிற தேன்மொழிக்கு அன்று கால் சுளுக்கு. கணுக்காலில் கட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைய பயணி அஞ்சலை. வயது இருபது. வெள்ளவேட்டுக்கு உள்ளே ஒரு சிற்றூர். அவளை பைக்கில் கொண்டுவந்து விட்ட அண்ணன் மாரி, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் யூனிட்டில் அஞ்சலைக்கு வேலை பேசியிருந்தார்கள். அன்று போய் சூப்பர்வைசரைப் பார்த்தால் திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம். ஆனால் அடுத்த வாரமே சூளையில் வேலை தொடங்குகிறது. கல் அறுப்பது ஜோடி வேலை: ஒருவர் மண் குழைத்துக் கொடுக்க, இன்னொருவர் அச்சில் போட்டு அறுத்துத் தள்ள வேண்டும். ஆறு வருஷமாக மாரிக்கு ஜோடி அஞ்சலைதான். ஜோடி இல்லாதவனை மேஸ்திரி சேர்ப்பதில்லை.

"அஞ்சு மணிக்கு மேஸ்திரியாண்ட பேர் சொல்லணும் டீச்சர்" என்றான் மாரி. "அதுக்குள்ள யாரையும் கேக்காம, தனியா போய்ட்டு தனியா வந்துட்டான்னா, வேலைக்குப் போவட்டும். நடுவுல எனக்கு ஃபோன் போட்டு, 'அண்ணா வந்து இட்டுகினு போ'ன்னா, அதோட முடிஞ்சுது. சூளைக்கு வந்துடணும்."

அவனைக் கொடுமைக்காரன் என்று எடுத்துக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன். தேன்மொழிதான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் அஞ்சலை கோயம்பேட்டில் ஒரு ஆளிடம், பூந்தமல்லிக்கு எந்த பஸ் என்று கேட்டிருக்கிறாள். அவன் கையைக் காட்டிய பஸ்ஸில் ஏறி எங்கேயோ போய் இறங்கியிருக்கிறாள். இருட்டும் வரை மாரி தேடியிருக்கிறான்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்ல சார்?" என்றாள் அஞ்சலை. "கேட்டவ படிக்காதவன்னு, எதையாவது காட்டி அனுப்பிட்டான். அன்னிலேர்ந்து நான் யாரையும் கேக்கறதில்ல."

தேன்மொழி உடனே, "கேக்கலாம் அஞ்சலை. முதல்ல படி, அப்புறம் கேளு, அதான் பாடம்" என்றார்.

"நீங்க கேக்கலாம் டீச்சர். உங்கள ஏமாத்த மாட்டாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார், ரெண்டு சீட்டு பின்னாடி உக்காருங்க. எதிர்ல நிக்காதீங்க. உங்க மூஞ்சிய பாத்தா தெரிஞ்சுடும். பதில் எல்லாம் அதுலயே எழுதி கீது."

எத்தனையோ பேர் என் எழுத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தெளிவாக இருப்பதாக யாரும் சொன்னதில்லை. முகத்துக்காவது அந்தப் பாராட்டு கிடைத்தது.

ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றோம். அவள் நிழற்குடையின் இந்தக் கோடியில், நான் அந்தக் கோடியில், விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால். முதலில் வந்த பஸ்ஸின் நெற்றியைப் பார்த்து அவள் உதடுகள் அசைந்தன. பூந்-த-மல்-லி. ஏறினாள். இளஞ்சிவப்பு வர்ணம் அடித்த பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு உண்டு. ஐந்து கிலோமீட்டரும் அவள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். பின்னாலிருந்து பார்க்க, யாரோடோ ஓயாமல் பேசிக்கொண்டு போவது போலிருந்தது.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஆவடி பஸ்ஸை ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். பத்தரைக்கு ஆவடி செக்போஸ்ட்டில் இறங்கிச் சாலையைக் கடந்தாள். அங்கே வந்த பஸ்ஸில் 'அம்பத்தூர் தொ.பேட்டை' என்றிருந்தது. அந்தச் சுருக்கத்தில் தடுமாறுவாள் என்று பயந்தேன். அவள் தடுமாறவில்லை, தொழிற்பேட்டையை அப்படியும் எழுதுவார்கள் என்று தேன்மொழி சொல்லிக் கொடுத்திருந்தார். ஏறிய பிறகு, எதிரே நிற்கக் கூடாது என்று எனக்குப் போட்ட சட்டத்தை மறந்து, திரும்பி என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தாள்.

பதினொன்றரைக்கு எஸ்டேட். யூனிட்டுக்குள் என்னை விடவில்லை, நானும் கேட்கவில்லை. எதிர்க் கடையில் மூன்று தேநீர் குடித்தேன். ஒரு மணிக்கு மேல் வெளியே வந்தாள். கையில் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தோளிலிருந்த பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, துப்பட்டாவை இழுத்துவிட்ட விதத்திலேயே திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்தது. அவள் முகமும் தெளிவான எழுத்துதான்.

இனி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் பாக்கி. எனக்குள் கட்டுரையை முடித்தே விட்டேன். கடைசி வாக்கியம்கூடத் தயார்.

இரண்டு மணிக்குச் சற்று முன் செக்போஸ்ட். பூந்தமல்லிக்குப் போகும் பக்கத்து நிறுத்தத்தில் நின்றாள். சற்றுத் தள்ளி ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வேப்பமர நிழல். அதில் என் செய்தித்தாளோடு நான். லாரிகள் கடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பஸ்கள் வந்து, மூச்சு விடும் நேரம் நின்று, போய்விடும். நடத்துநர்கள் தங்கள் இருக்கையை விட்டு எழுந்து ஊர்ப் பெயரைக் கூவுவதெல்லாம் பஸ் நிலையத்தோடு சரி.

முதல் பஸ் வந்தது. நெற்றியைப் பார்த்தாள், உதடு அசைந்தது, ஒரு அடி பின்வாங்கி நின்றுவிட்டாள். கூட்டம் அதிகம், அடுத்ததில் ஏறுவாள் என்று நினைத்தேன். அடுத்தது பாதி காலியாக வந்தது. அதையும் படித்தாள், விட்டாள். மூன்றாவது பஸ் வந்தபோதுதான் செய்தித்தாளை இறக்கி அந்த போர்டை நானும் படித்தேன்.

பூவிருந்தவல்லி.

அந்த ஊருக்கு எழுத்தில் பூவிருந்தவல்லி, பேச்சில் பூந்தமல்லி, அவசரத்தில் பூனமல்லி. சில பஸ்ஸில் ஒன்றை எழுதுகிறார்கள், சில பஸ்ஸில் இன்னொன்றை. காலையில் அவளுக்கு வாய்த்தது பேச்சுப் பெயர். தேன்மொழி அட்டையில் எழுதிப் படிக்க வைத்ததும் அதுதான். நமக்கெல்லாம் இரண்டும் ஒன்று என்று எப்போது, யார் சொல்லித் தெரிந்தது? யாரும் சொன்னதில்லை. ஊர் தெரியும்; அதனால் எழுத்தைச் சரியாகப் பார்க்காமலே ஏறிவிடுகிறோம். படிக்கவே தெரியாதவள் என்றால் யாரையாவது கேட்டு, முதல் பஸ்ஸிலேயே போயிருப்பாள். அஞ்சலை ஒவ்வொரு எழுத்தாக, ஒரு பிழையும் இல்லாமல் படித்தாள். தான் போகவேண்டிய ஊரின் பெயர் அதில் இல்லாததால் நின்றுவிட்டாள்.

மூன்றாவது பஸ்ஸும் போனது.

"அண்ணாத்தே" என்றார் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர். "மூணு பஸ்ஸு போய்ச்சு. நீ எந்த பஸ்ஸுக்கு நிக்கற?"

நான் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டேன்.

"மாமே, இவரு பஸ்ஸுல போறதுக்கு வர்ல. பஸ்ஸ எண்ணிகினு கீறாரு" என்றார் பக்கத்து ஆட்டோக்காரரிடம். பிறகு என் பார்வை போகும் திசையைப் பார்த்துக் குரலை மாற்றினார். "அந்தப் பொண்ணையா பாக்கற?"

சொல்லித்தான் ஆகவேண்டியதாயிற்று. கிளாஸ், தனிப் பயணம், பின்னால் வரும் நான், மூடிய வாய், எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டுநர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். "அப்போ அந்த போர்டு பூனமல்லின்னே அதுக்குத் தெரியலையா? போய் சொல்லு சார்!"

"சொல்லக் கூடாது."

"இன்னா சார் படிப்பு இது" என்றார்.

அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் அவள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவாள். மாரி கேட்டால் பொய் சொல்ல மாட்டாள். நான் சொல்லித்தான் வந்தேன் என்பாள். மேஸ்திரியிடம் அவள் பெயர் போய்விடும்.

மூன்று மணிக்குப் பக்கத்தில் அவள் ஃபோன் ஒலித்தது. அவள் பக்கமாக ஐந்தாறு அடி நகர்ந்து போனேன். அது காதில் விழும் தூரம், விதி மீறாத தூரமும்கூட.

"செக்போஸ்ட்லதான்ணா... பஸ்ஸு வர்ல." நிறுத்தம். மாரி ஏதோ சொன்னான். அவள் சாலையையே பார்த்தாள். "வாணாம்." மறுபடி நிறுத்தம். "வாணாம்ணா. நீ வராத. நான் வரேன்."

ஃபோனைப் பையில் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெயில்தான் காரணம் என்று சொல்ல முடியாத அளவுக்கு அன்று வெயில் மிதம்.

அப்போது ஒரு அம்மா வேகவேகமாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். வயர் கூடையில் துணி சுற்றிய தூக்கு. அடுத்த பஸ் அப்போதுதான் வந்து நின்றது. அஞ்சலை தலையை உயர்த்திப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அவளையே கேட்டார்.

"யம்மா, பூனமல்லி போவுமா இது?"

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அஞ்சலையிடம் போர்டைப் படித்துச் சொல்லக் கேட்கிறார். அவள் இன்னொரு முறை நிதானமாகப் படித்தாள். பிறகு உறுதியாகச் சொன்னாள்.

"இல்லக்கா. இது பூவிருந்தவல்லி."

ஏறக் காலை வைத்த அம்மா காலை எடுத்துக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது. பஸ் போனது.

"யம்மா!" என்று ஸ்டாண்டிலிருந்து கத்தினார் ஆட்டோ ஓட்டுநர். அவருக்கு என் விதிகள் கிடையாது. "அதாம்மா பூனமல்லி பஸ்ஸு! அந்த ஆயாவ ஏன் எறக்கி வுட்ட?"

"அதுல பூவிருந்தவல்லின்னு எழுதி கீது."

"பூவிருந்தவல்லின்னாலும் அதான், பூனமல்லின்னாலும் அதான்!"

"அப்போ பூனமல்லின்னே எழுத வேண்டிதானே?"

"அத பஸ்ஸு கம்பெனில போய்க் கேளு!"

ஸ்டாண்டே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "பொண்ணு நேத்துதான் புள்ள பெத்து ஆஸ்பத்திரில கீது. அதுக்கு சோறு எடுத்துகினு போறேன், ஆறிப்போவுது. படிச்ச பொண்ணாச்சேன்னு உன்னப் போயி கேட்டேன் பாரு, என்னச் சொல்லணும்!"

அஞ்சலையின் முகத்தில் இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டது போலிருந்தது. கோயம்பேட்டில் தவறான பஸ்ஸைக் காட்டிய அந்த ஆள் இப்போது அவளாகவே நின்றுகொண்டிருந்தான். ஆனால் அந்த அம்மா திட்டிய அதே வாக்கியத்தில், இருபது வருஷத்தில் யாரும் அவளைச் சொல்லாத ஒன்றும் இருந்தது: படிச்ச பொண்ணு. திட்டாக வந்ததால் அதை மறுக்கவும் வழியில்லை.

"தப்பாயிடுச்சுக்கா" என்று கூடையை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். "அடுத்த பஸ்ஸுல நானே இட்டுகினு போறேன்."

அடுத்த பஸ் கால் மணியில் வந்தது. நெற்றியில் அதே நீளப் பெயர். அவள் அதை ஒவ்வோர் எழுத்தாக, ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்துவிட்டு அந்த அம்மாவை முதலில் ஏற்றினாள். ஆட்டோ ஓட்டுநர் என்னைப் பார்த்து, "இப்ப போய் உக்காரு சார், ரெண்டு சீட்டு பின்னாடி" என்றார்.

நாலு மணிக்குப் பூந்தமல்லி. எதிரிலேயே திருமழிசை வழியாகப் போகும் பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதில் ஏறினால் ஐந்துக்கு வெகு முன்னாலேயே போய்விடலாம். அஞ்சலை அதைப் படித்தாள். படித்தது எனக்குத் தெரியும். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவோடு எதிர்த்திசையில் நடந்தாள். ஆஸ்பத்திரி வளாகத்தில் அம்புக்குறி போட்ட பலகைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படித்தாள். 'மகப்பேறு' என்ற சொல்லில் ரொம்ப நேரம் நின்றாள். பலகை சொன்ன பக்கம் போய் எட்டிப் பார்த்து, உள்ளே தொட்டில்கள் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்ட பிறகே கூடையைக் கொடுத்தாள். படித்ததை இப்போது ஒரு தடவை கண்ணாலும் சரிபார்க்கிறாள்.

திருமழிசை நிறுத்தத்தில் நாங்கள் இறங்கியபோது ஐந்தாக நாலைந்து நிமிஷம். மாரி பைக்கை அணைக்காமல் நின்றிருந்தான். சுளுக்கிய காலோடு தேன்மொழியும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"யார கேட்டு வந்த?" என்றான் மாரி.

"நான் யாரையும் கேக்கல. என்னத்தான் ஒருத்தவங்க கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன்."

மறைத்திருக்கலாம். நான் மறைத்திருப்பேன். அவள் விட்ட பஸ்களையும், ஆட்டோக்காரர் போட்ட சத்தத்தையும், ஆறிப்போன சோற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். தேன்மொழி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அட்டையில் ஒரே பெயரை எழுதியது அவர்தானே. மாரி பைக்கை அணைத்தான்.

"பூனமல்லிக்கு இன்னான்னு எழுதி கீது?"

"பூவிருந்தவல்லி."

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னாள். பிறந்ததிலிருந்து போய்வருகிற ஊரின் பெயரை மாரி வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"திங்கக்கெழம எத்தினி மணிக்கு?"

"ஒம்போது."

"ஏழுக்கே கெளம்பிடு. மேஸ்திரியாண்ட நான் பேசிக்கறேன். ஜோடிக்கு வேற யாராச்சும் கெடைக்கறாங்களா பாக்கறேன்." பைக்கை உதைத்துக் கிளப்பினான். கிடைக்காவிட்டால் என்ன என்பதை அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எனக்குக் கையசைக்கவும் மறந்து, எதிர்க்கடைப் பலகையைப் படித்துக்கொண்டே போனாள்.

ஏழரை மணிக்குக் கொரட்டூர் வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் நாலு பேர். நாலு பேரும் பட்டதாரிகள். மூன்று அலமாரி நிறையப் புத்தகம். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவரையும் கேட்டேன்: கடைசியாக எப்போது ஒரு பஸ் போர்டை முழுசாகப் படித்தாய்? யாருக்கும் நினைவில்லை. காலையில் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு என்னை ஏற்றிவந்த பஸ்ஸில் எந்தப் பெயர் எழுதியிருந்தது என்று எனக்கே தெரியாது. படிக்கத் தெரிந்த இத்தனை வருஷத்தில், எழுத்தை முழுசாக நம்பி, அதற்காக ஒரு பஸ்ஸையாவது போகவிட்டவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை.